கூரையின் வயதும் மூலக்கூறின் வயதும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. பிளம்பர் வந்து பழைய குழாயைக் கழற்றினார். மரையில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்துக் கீழே போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை நாடாச் சுருளை எடுத்தார். புதுக் குழாயின் மரைமேல் பத்துப் பதினைந்து சுற்று இழுத்துச் சுற்றினார். "டேப் இழுத்துச் சுத்துனாத்தான் சார் நிக்கும்" என்றார். குழாயைத் திருகி இறுக்கியதும் ஒழுகல் நின்றது. அவர் போனபின் தரையில் கிடந்த பழைய நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வீடு கட்டியபோது, பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் சுற்றியது. பித்தளை பச்சை பூத்துவிட்டது, வாஷர் பொடிந்துவிட்டது. நாடா மட்டும் அப்படியே இருந்தது. இழுத்தால் நீண்டது. துடைத்தால் வெள்ளையாக இருந்தது.

கடைக்காரர்கள் டெஃப்லான் டேப் என்பார்கள். பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன் என்பது அதன் வேதிப்பெயர், சுருக்கம் பி.டி.எஃப்.இ. அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் டீப்வாட்டர் என்ற ஊரிலிருந்த டூபாண்ட் ஆய்வகத்தில், 1938 ஏப்ரல் 6ஆம் தேதி, ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலாளர் குளிர்சாதனப் பெட்டிக்குப் புதிய வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். வாயு நிரப்பி வைத்த உருளையைத் திறந்தார். எதுவும் வெளிவரவில்லை. நிறுத்துப் பார்த்தால் எடை குறையவில்லை. உருளையை ரம்பத்தால் அறுத்தார்கள். உள்ளே மெழுகு போல் வழவழத்த வெள்ளைப் பொடி. அமிலத்தில் போட்டாலும் காரத்தில் போட்டாலும் அது கரையவில்லை.

காரணம் எளியது. கரிமத்துக்கும் ஃப்ளூரினுக்கும் இடையிலான பிணைப்பு, கரிம வேதியியலில் காணும் ஒற்றைப் பிணைப்புகளிலேயே மிக வலுவானது. வெயிலும் மழையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் அதை அறுத்துத் தின்னும் வழியறியாதவை. இந்தப் பிணைப்பை மனிதர்கள் விதவிதமாகக் கோத்து ஆயிரக்கணக்கான பொருட்களைச் செய்துவிட்டார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018இல் எடுத்த கணக்கிலேயே 4,700க்கு மேல் வந்தன. மொத்தக் குடும்பத்துக்கும் பி.எஃப்.ஏ.எஸ். என்று பெயர். அழியா வேதிப்பொருட்கள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. வாணலியையும் மழைக்கோட்டையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நாம் குடியிருக்கும் கட்டடத்தைப் பற்றிப் பேச்சு குறைவு. நான் அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

இந்தக் குடும்பத்தில் மூன்று கிளைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாவிட்டால் எல்லாமே ஒரே பயமாகக் குழம்பிவிடும். முதல் கிளை, குழாய் நாடாவைப் போன்ற திண்மங்கள். மூலக்கூறின் முதுகெலும்பே கரிமமும் ஃப்ளூரினும்தான். மிகப் பெரிய மூலக்கூறு என்பதால் உடலுக்குள் எளிதில் நுழையாது. இரண்டாவது கிளையைச் சீப்பு என்று எண்ணிக்கொள்ளலாம். சீப்பின் தண்டு சாதாரண பிளாஸ்டிக். பற்கள் மட்டும் ஃப்ளூரின் ஏறியவை. கம்பளத்திலும் திரைச்சீலையிலும் கிரானைட்டுக்கு அடிக்கும் எண்ணெய்க்கறை தடுப்பு சீலர்கள் சிலவற்றிலும் இருப்பது இந்த வகை. காலப்போக்கில் பற்கள் உதிரும். மூன்றாவது கிளை உதிரிச் சிறு மூலக்கூறுகள். சோப்பு போல ஒரு முனை நீரை விரும்பும், மறு முனை விலக்கும். தண்ணீரோடு போகும், இரத்தத்தில் தங்கும். இவற்றில் பெயர்பெற்றது எட்டுக் கரிம அணுக்கள் கொண்ட பி.எஃப்.ஓ.ஏ.; ஆலைகளில் அதற்கு சி-8 என்று பெயர்.

முதல் கிளையைச் செய்பவர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. எங்கள் பொருள் திண்மம், கரையாது, உடலில் சேராது, ஆகவே அதை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்பார்கள். என் வீட்டுக் குழாயில் சுற்றிய நாடாவுக்கு இது பெரிதும் பொருந்தும். அந்த நாடாவால் தண்ணீர் கெடும் என்று நான் யாரையும் பயமுறுத்த மாட்டேன். வாதம் பொய்யில்லை. பாதி வழியில் நின்றுவிடுகிறது. அந்தத் திண்மம் எந்த ஊரில், எதன் உதவியோடு உருவானது, வேலை முடிந்தபின் எங்கே போய்ச் சேர்ந்தது என்ற இரண்டு கேள்விகளையும் அது தொடுவதில்லை.

சேப்பாக்கம் மைதானத்தின் வெள்ளைக் கூரைகளைப் பார்க்காத சென்னைவாசி இருக்க முடியாது. 2011 உலகக் கோப்பைக்கு முன் மைதானத்தைப் புதுப்பித்தபோது, பார்வையை மறைத்த பழைய தூண்களும் கூரையும் போய், கம்பிவடங்களில் இழுத்துக் கட்டிய பி.டி.எஃப்.இ. துணிக்கூரை வந்தது. வெளிச்சத்தைக் கசியவிடும், கடற்காற்றுக்கு வழிவிடும், உப்புக்கும் வெயிலுக்கும் மங்காது. அழகான கூரைதான். இதே குலத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று 1981இல் திறந்த ஜெட்டா விமான நிலையத்தின் ஹஜ் முனையம். 210 கூடார விதானங்கள், ஒவ்வொன்றும் 45 மீட்டர் சதுரம். ஹஜ்ஜுக்குப் போய்வந்த நம்மவர்கள் எத்தனையோ பேர் அந்த நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். லண்டனில் புத்தாயிரத்தைக் கொண்டாடக் கட்டிய மில்லேனியம் டோம் இன்னொன்று. அதற்கு முதலில் பி.வி.சி. பூசிய துணியைத்தான் திட்டமிட்டிருந்தார்கள். பி.வி.சி. சூழலைக் கெடுக்கும் என்று கிரீன்பீஸ் இயக்கம் எதிர்த்தது. 1997இல் முடிவை மாற்றி, பி.டி.எஃப்.இ. பூசிய கண்ணாடியிழைத் துணியைத் தேர்ந்தெடுத்தார்கள். சுற்றுச்சூழல் மீதான அக்கறையே அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் துணி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். அடித்தளம் கண்ணாடியிழையில் நெய்த துணி. அதன்மேல் பி.டி.எஃப்.இ.யை ஏற்ற வேண்டும். கரையாத பொருளைக் கரைசலாக்க முடியாது. நுண்துகளாக நீரில் மிதக்கவிட்டு, பால் போன்ற ஒரு கலவையாகத்தான் வைத்திருக்க முடியும். நீரை வெறுக்கும் துகள் நீருக்குள் அமைதியாக மிதக்க நடுவில் ஒரு தரகர் வேண்டும். பல பத்தாண்டுகள் அந்தத் தரகு வேலையைச் செய்தது சி-8. துணி இந்தப் பாலில் முங்கி எழுந்து, உயரமான அடுப்புக் கோபுரத்துக்குள் ஏறும். முதலில் நீர் ஆவியாகும். பிறகு தரகர் வெளியேற வேண்டும். அவர் தங்கிவிட்டால் பூச்சு சரியாகப் பிடிக்காது. கடைசியில் 327 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் துகள்கள் உருகி ஒன்றாகும். இப்படி முங்கி, ஏறி, வெந்து, மறுபடி முங்கித் துணி பல அடுக்குப் பூச்சுப் பெறும். வெளியேறிய சி-8 புகைபோக்கி வழியே போனது. விற்பனைக்குப் போகும் கூரைத் துணியில் அது ஏறக்குறைய இருக்காது. ஊர்க் காற்றில் இருக்கும்.

இத்தகைய துணிகளைச் செய்வதில் பெயர்பெற்ற கெம்ஃபேப் நிறுவனம், வெர்மாண்ட் மாநிலத்தில் நார்த் பென்னிங்டன் என்ற சிற்றூரில் ஆலை வைத்திருந்தது. புகையும் நெடியும் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2000இல் பிரான்சின் சாங்-கோபென் குழுமம் நிறுவனத்தை வாங்கியது. 2002இல் ஆலையை மூடி, வேலையைப் பக்கத்து நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரிமாக் நகருக்கு மாற்றினார்கள். புகை நின்றது. ஊர் மறந்தது.

2014இல் எல்லைக்கு அப்பால், நியூயார்க் மாநிலத்தின் ஹூசிக் ஃபால்ஸ் கிராமத்தில், ஒருவர் தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரைச் சொந்தச் செலவில் பரிசோதனைக்கு அனுப்பினார். அவருடைய தந்தை அந்த ஊர் டெஃப்லான் பூச்சு ஆலையில் வேலை பார்த்து, சிறுநீரகப் புற்றுநோயில் இறந்தவர். மகன் இணையத்தில் தேடியபோது சி-8க்கும் அந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று கண்டார். முடிவு வந்தது, ஊர்க் கிணற்றில் லிட்டருக்குச் சுமார் 600 நானோகிராம் சி-8. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015 இறுதியில் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவித்தது. பென்னிங்டன் விழித்துக்கொண்டது. எங்கள் ஊரிலும் அதே வேலைதானே நடந்தது என்று மக்கள் கேட்டார்கள். 2016 தொடக்கத்தில் அரசு கிணறுகளைச் சோதித்தபோது சி-8 இருந்தது. கடைசிக் கணக்கில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் அதில் அடங்கின. ஆலை மூடி 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

குழாயிலோ ஓடையிலோ யாரும் கொட்டிய கழிவு அத்தனை கிணறுகளுக்குப் போயிருக்காது. சி-8 புகைபோக்கியிலிருந்து காற்றில் பரவி, மழையோடும் பனியோடும் வயல்களில் இறங்கி, மண்ணில் ஊறி, ஆண்டுக்கு ஆண்டு நிலத்தடி நீருக்குக் கீழிறங்கியிருக்கிறது. மண்ணே தேக்கமாகி, ஆலை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கிறது. நிறுவனம் தண்ணீர்க் குழாய் இணைப்புகளுக்குச் செலவழித்தது. 2022இல் 3.4 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது. மக்களின் உடல்நிலையைத் தொடர்ந்து கண்காணிக்கும் செலவும் அதற்குள் அடக்கம். ஆலை இடம்பெயர்ந்த மெரிமாக்கிலும் 2016இல் இதே கதை தொடங்கியது. அங்குள்ள ஆலையையும் மூடுவதாக 2023இல் அறிவித்தார்கள். லண்டனிலோ ஜெட்டாவிலோ கூரைக்குக் கீழே நின்றவர் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கூரை நன்றாகத்தான் உழைத்தது.

உலோக முகப்புகளின் கதையும் இதன் உடன்பிறப்புதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் ஊர்க் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் முகப்பில் ஒட்டும் ஏ.சி.பி. ஷீட் வாங்கப் போனால், சாதாரணக் கோட்டிங் வேண்டுமா, பி.வி.டி.எஃப். கோட்டிங் வேண்டுமா என்று கேட்பார்கள். இரண்டாவது விலை கூட, நிறம் வெளுக்காது. 1965இல் சந்தைக்கு வந்த இந்த வகைப் பூச்சில் பிசினின் 70 விழுக்காடு பாலிவினைலிடீன் ஃப்ளூரைடு. அதைச் செய்யவும் தரகர் வேண்டும். நியூ ஜெர்ஸியின் வெஸ்ட் டெப்ட்ஃபோர்டில் சோல்வே நிறுவனத்தின் ஆலையில் அந்த வேலையைச் செய்தது சி-8ஐவிட ஒரு கரிமம் கூடுதலான சி-9. 2013இல் பக்கத்து ஊரான பால்ஸ்பரோவின் குடிநீரில் லிட்டருக்கு 150 நானோகிராம் சி-9 இருப்பது வெளியே வந்தது. 2018இல் நியூ ஜெர்ஸி அதற்கு 13 நானோகிராம் என்று சட்ட வரம்பு வகுத்தது. 2023இல் சோல்வே அம்மாநிலத்தோடு செய்துகொண்ட சமரசம் 39.3 கோடி டாலர்.

கம்பளத்தின் கதை வேறு வகை. ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன் நகரம் தன்னை உலகின் கம்பளத் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் இளம்பெண் வீட்டில் கையால் குஞ்சம் வைத்துத் தைத்த படுக்கை விரிப்பில் தொடங்கிய தொழில் அது. பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்த கைவேலை, இயந்திரம் வந்ததும் கம்பளமாக வளர்ந்து அமெரிக்கக் கம்பளத்தின் பெரும்பகுதியைத் தன்னைச் சுற்றியே நெய்ய வைத்தது. 1956இல் 3எம் நிறுவனம் ஸ்காட்ச்கார்டு என்ற கறை தடுப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவும் தற்செயல்தான்: ஆய்வகத்தில் ஒரு திரவம் ஒருவருடைய கான்வாஸ் ஷூவில் சிந்தியது, சிந்திய இடத்தில் அழுக்கு ஒட்டவே இல்லை. 1980களில் காபி கொட்டினாலும் கறை பிடிக்காது என்ற விளம்பரம் இல்லாமல் கம்பளம் விற்க முடியாது என்ற நிலை வந்தது.

சீப்பின் பற்கள் என்று சொன்னேனே, அவை ஆலையில் கம்பளத்தின்மேல் ஏறியபோது, ஏறாத மிச்சம் கழுவுநீரோடு போயிற்று. டால்டன் நகராட்சி அந்தக் கழிவுநீரைச் சுத்திகரித்து, கோனசாகா ஆற்றங்கரையில் 9,000 ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டு நிலத்தில் தெளித்தது. மண் மீதியைச் சுத்தம் செய்துவிடும் என்பது திட்டம். சாயத்துக்கும் சாக்கடைக்கும் அந்தத் திட்டம் சரிதான். மண்ணிலுள்ள உயிர்கள் அவற்றைத் தின்னும். ஃப்ளூரின் ஏறிய இந்த மிச்சத்தை அவை தின்னவில்லை. 2008இல் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஆற்றில் லிட்டருக்கு 1,150 நானோகிராம் வரை சி-8 கண்டார்கள். ஆறு அத்தோடு நிற்கவில்லை. உஸ்டனோலாவாகி, ரோம் என்ற நகரைக் கடந்து, கூஸாவாகி அலபாமா மாநிலத்துக்குள் நுழைகிறது. வழியிலுள்ள ஊர்கள் அதைக் குடித்தன. 2016இல் ரோம் நகரம் தன் குடிநீருக்கு வேறு ஆற்றை நாட வேண்டியதாயிற்று. அலபாமாவின் காட்ஸ்டன் நகரம் கம்பள ஆலைகள் மீது வழக்குப் போட்டது. ரோம் 2019இல் தொடுத்த வழக்கு 2023இல் சுமார் 28 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

இந்தப் பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2019இல் டால்டனின் பெரிய ஆலைகள் ஃப்ளூரின் கறை தடுப்பைக் கைவிட்டன. பெரிய வீட்டுப்பொருள் கடைச் சங்கிலிகள் அத்தகைய கம்பளத்தை விற்பதில்லை என்று அறிவித்தன. கம்பளம் விற்பது நின்றதா? இல்லை. இன்றும் விற்கிறது, மக்கள் வாங்குகிறார்கள், காபி சிந்தினால் துடைக்கிறார்கள். அரை நூற்றாண்டாக ஒரு ஆற்றைக் கெடுத்த பொருள், அந்தத் தொழிலுக்கு இன்றியமையாததாக ஒருநாளும் இருந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கட்டடத்துக்குள் வாழ்பவருக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆலைப் பக்கத்து ஊர்களைவிட மெல்லியதாக. செக் நாட்டு ஆய்வாளர்கள் 2016இல் 126 பொருட்களைச் சோதித்தபோது, மரச் சீவல்களை ஒட்டிச் செய்யும் பலகைகளில் பி.எஃப்.ஏ.எஸ். அமிலங்கள் இருந்தன. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2022இல் வீட்டுப் பெயின்டுகளில் ஆவியாகும் ஃப்ளூரின் ஆல்கஹாலைக் கண்டார்கள். தூரிகைத் தடம் தெரியாமல் பெயின்ட் சமமாகப் பரவச் சேர்ப்பது அது. ஜெர்மனியில் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கட்டடங்களின் வெளிப்புறத்தில் பயன்படும் துணிகளை வெயிலிலும் மழையிலும் புறஊதா ஒளியிலும் வைத்துப் பார்த்தார்கள். துணியில் தொடக்கத்தில் அளந்த அமிலத்தைவிட, வெயிலில் காய்ந்தபின் அளந்த அமிலம் அதிகம். பற்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. கடையில் வாங்கும் நாளில் சோதித்துச் சான்றிதழ் தருவது எவ்வளவு குறைந்த செய்தியைச் சொல்கிறது என்பதை இது காட்டிவிடுகிறது. கம்பளத்தில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும்போது தூசி உள்ளே போகிறது. கலிஃபோர்னியா 2021இல் இவ்வகைக் கம்பளங்களை முன்னுரிமைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

பிறகு இடிபாடு வருகிறது. கட்டடத்துக்கு ஐம்பது வயது, கம்பளத்துக்குப் பத்து வயது, முகப்புப் பூச்சுக்கு இருபது முப்பது ஆண்டு உத்தரவாதம். மூலக்கூறுக்கு அப்படி ஒரு எண்ணை யாராலும் எழுத முடியாது. அமெரிக்காவின் நகராட்சிக் குப்பைக் கிடங்குகளிலிருந்து 2013ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 600 கிலோ பி.எஃப்.ஏ.எஸ். கசிவுநீரில் வெளியேறியிருக்கும் என்று 2017இல் ஒரு கணக்கு வந்தது. எரித்துவிடலாமே என்றால், டொரான்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இலேயே அதற்குப் பதில் எழுதிவிட்டார்கள். டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் அது டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலமாகவும் நீண்ட சங்கிலி அமிலங்களாகவும் பிரியும், அவையும் அழிவதில்லை. கடும் வெப்பத்தில், நீண்ட நேரம், வாயுவைப் பிடித்துக் கழுவும் வசதியோடு எரிக்க வேண்டும். குப்பைமேட்டில் பற்றும் தீ அப்படி எரிவதில்லை. பெருங்குடியில் 2022 ஏப்ரலில் நாட்கணக்கில் புகைந்ததை நாம் பார்த்தோம்.

நானோகிராம் என்று எழுதிக்கொண்டே போகிறேன். அந்த அளவு மனத்தில் படுவது கடினம். மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் அருகே டூபாண்ட் ஆலை சி-8ஐ ஒஹையோ ஆற்றில் விட்ட வழக்கில், சுமார் 69,000 பேரின் இரத்தத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். 2012இல் ஆய்வுக்குழு ஆறு நோய்களோடு தொடர்பு இருக்கக்கூடும் என்றது. சிறுநீரகப் புற்றுநோயும் தைராய்டு நோயும் கர்ப்பகால இரத்த அழுத்தமும் அதில் உண்டு. 2023இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சி-8ஐ மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்ற முதல் பிரிவில் வைத்தது. உடலுக்குள் போன சி-8இல் பாதி வெளியேற ஆண்டுகள் ஆகும். 2024இல் அமெரிக்கா குடிநீரில் அதற்கு விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி. லிட்டராக்கிப் பெருக்கிப் பார்த்தேன். முழு ஏரியையும் அந்த வரம்புக்குக் கொண்டுபோக 413 கிராம் போதும். அரைக் கிலோ உப்புப் பொட்டலத்தைவிடக் குறைவு.

இதனால்தான் முழுத் தடை பற்றி உலகம் பேசத் தொடங்கியது. சி-8 தனியாக 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் ஏறியது. ஆனால் ஒன்றைத் தடுத்தால், ஒரு கரிமம் குறைத்தோ ஓர் ஆக்சிஜன் சேர்த்தோ இன்னொன்று சந்தைக்கு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் முப்பது ஆண்டு காத்திருந்து, இரத்தம் எடுத்து, நிரூபித்துத் தடுப்பதென்றால் அது முடியாத வேலை. மெய்ன் மாநிலம் 2021இல் குடும்பம் முழுவதையும் ஒன்றாகத் தடுக்கச் சட்டம் இயற்றி, 2023இலிருந்து கம்பளத்தில் தொடங்கியது. மின்னசோட்டாவில் 2025இலிருந்து கம்பளத்துக்குத் தடை. ஐரோப்பாவில் டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகள் 2023இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களுக்கு ஒரே கட்டுப்பாட்டை முன்மொழிந்தன. கட்டுமானப் பொருட்களும் அதில் வருகின்றன. எல்லாப் பயன்பாடும் ஒன்றல்ல என்பதை நான் ஏற்கிறேன். மருத்துவக் கருவிக்கும் அலங்கார முகப்புக்கும் ஒரே தராசு கூடாது. ஆனால் அலங்காரத்துக்கு, கறை துடைக்கும் சோம்பலுக்கு, பெயின்ட் கொஞ்சம் வழவழப்பாக இறங்குவதற்கு இதைப் பயன்படுத்துவது தவறு. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இத்தனையும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. இத்தாலியின் விசென்சா மாவட்டத்தில் ட்ரிஸ்ஸினோ என்ற ஊரில் மிட்டெனி என்ற ஆலை இருந்தது. துணி நெசவுக் குடும்பம் ஒன்று 1960களில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் வேர்விட்ட ஆலை அது. அதன் கழிவு சுமார் 3,50,000 மக்கள் வாழும் பகுதியின் நிலத்தடி நீரில் கலந்தது 2013இல் தெரியவந்தது. தங்கள் பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனைத் தாளைச் சட்டையில் அச்சிட்டு அணிந்து தாய்மார்கள் தெருவில் நின்றார்கள். 2018இல் ஆலை திவாலானது. 2025 ஜூனில் விசென்சா நீதிமன்றம் அதன் நிர்வாகத்தோடு தொடர்புடைய 11 பேருக்கு மொத்தம் 141 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. ஆலையின் இயந்திரங்களை 2019இல் ஏலத்தில் எடுத்தது லக்ஷ்மி ஆர்கானிக் என்ற இந்திய நிறுவனத்தின் துணை நிறுவனம். அவை கப்பலேறி மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் லோட்டே பர்சுராம் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டன.

சென்னையில் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அடையாற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் செம்பரம்பாக்கத்திலும் பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுற்றிய நிலத்தடி நீரிலும் பி.எஃப்.ஏ.எஸ். இருப்பதை அளந்து காட்டியிருக்கிறார்கள். அதில் கட்டடப் பொருட்களின் பங்கு எவ்வளவு, ஆலைகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, தொடர்ச்சியான அளவீடு வேண்டும். 2012இல் வெளியான இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500இன் பட்டியலில் இந்தக் குடும்பத்தின் ஒரு பொருளுக்கும் வரம்பு இல்லை. வரம்பு இல்லாததை அளக்கும் கடமை எந்தக் குடிநீர் வாரியத்துக்கும் வராது. முதலில் அந்தப் பட்டியலில் இவை ஏற வேண்டும்.

வீடு கட்டுகிறவர்களிடமும் கட்டடக் கலைஞர்களிடமும் நான் கேட்பது சிறியது. சீலரோ பெயின்டோ முகப்பு ஷீட்டோ வாங்கும்போது, இதில் ஃப்ளூரின் சேர்மம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். அரசிடம் கேட்பது ஒன்று. சேப்பாக்கத்தின் கூரைத் துணி ஒருநாள் கிழியும், அதை இறக்க டெண்டர் விடுவார்கள். இறக்கிய துணியைப் பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ அனுப்பாமல், செய்த நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு வரி அந்த டெண்டரில் இருக்கட்டும்.